தொட்டி தாங்குமா?

ஜனவரி 12

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும் என்று துஆ செய்கிறேன். இங்கே ஒரு கால் நீங்கலாக மற்றதெல்லாம் நலம். அந்த ஒரு கால் முழங்கால் வரை மாவுக்கட்டில் இருக்கிறது. யாரோ கட்டும் துணிக்கடையைப் பார்க்கப் போய், ஏணியின் கடைசிப் படியில் சறுக்கினேன். கடைசிப் படி என்றால் மேலே இல்லை, கீழே. சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள். கோடை முடியும்வரை பயணம் என்ற பேச்சே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதனால்தான் நம் பள்ளிவாசல் கூரைக்குக் கான்கிரீட் போட்ட அன்று நான் அங்கே இல்லை. நான் வரைந்த முதல் பள்ளிவாசல், அதுவும் நம் ஊரில். கமிட்டிச் செயலாளர் என்ற முறையில் நீங்கள் முட்டி மோதி அந்த வரைபடத்தை ஒப்புக்கொள்ள வைத்தீர்கள். டோம் இல்லை, மினாரா இல்லை, பச்சைக் கண்ணாடி இல்லை. தட்டையான வெள்ளைக் கூரை, நடுவே தூணே இல்லாத ஒரே கூடம், காற்று நுழைகிற ஓட்டைச் செங்கல் சுவர். பெண்களை மாடியறையில் ஒதுக்காமல் அதே கூடத்தின் பின்பாதியில் இடம். இதையெல்லாம் பெயின்ட் கடை வைத்திருக்கும் என் அண்ணன் வாதாடி வாங்கினார் என்று இங்கே எல்லோரிடமும் பீற்றிக்கொள்கிறேன்.

அண்ணி போட்ட சட்டம் நினைவிருக்கிறது: கட்டட விஷயம் கடிதத்தில் மட்டும். போனில் பேசினால் நாம் இருவரும் கத்துவதில் பக்கத்து வீட்டார் சன்னலைத் திறக்கிறார்களாம். கடிதத்தில் கத்த முடியாது என்பது அவர்களுடைய நம்பிக்கை. ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள், ஒளிக்காமல் எழுதுங்கள்.

அண்ணிக்கு என் சலாம்.
வாயாடி


பிப்ரவரி 2

அன்புத் தங்கை வாயாடிக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கால் செய்தி கேட்டு அண்ணி அழுதாள், நான் சிரித்தேன், பிறகு இருவரும் மாற்றிச் செய்தோம். எலும்பு கூடும்வரை சும்மா கிட. சும்மா இருப்பது உனக்குக் கஷ்டம்தான்.

கூரைக்கு அடியில் கொடுத்திருந்த முட்டுகளைப் பிரித்துவிட்டார்கள். உள்ளே போய் நின்றேன். முன் சுவருக்கும் கூரைக்கும் நடுவே நீ விட்ட இடைவெளியில் வெயில் ஒரு கோடாக இறங்குகிறது. தொழவைக்கும் ஹஜ்ரத் அந்தக் கோட்டில் உள்ளங்கையை நீட்டி வைத்துப் பார்த்தார்.

ஒளிக்காமல் எழுதச் சொன்னாய். போன வாரம் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "டாக்டர் எத்தனை மணிக்கு உட்காருவார்?" என்று கேட்டார். கையில் எக்ஸ்ரே உறை. கொத்தனார்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கமிட்டித் தலைவர் ஹாஜியார் மட்டும் சிரிக்கவில்லை. "பாத்தீங்களா செயலாளரே, ஆஸ்பத்திரின்னு நினைச்சிட்டு வர்றான். பள்ளிவாசலுக்கு ஒரு அடையாளம் வேணாமா? மொட்டத் தலையா நிக்குது" என்றார். அவர் மனைவி இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. மனிதர் எதற்கும் சட்டென்று கலங்கிவிடுகிறார். அந்த அம்மா நினைவாக ஒரு டோம் தன் செலவில் வைத்துத் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் என்ன பதில் சொல்ல? நீ படித்தவள், எழுது.

உன் அண்ணன்


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கட்டுக்குள் அரிப்பதைத் தவிர நலம். எக்ஸ்ரேகாரருக்கு நன்றி சொல்லுங்கள். அவர் என்னிடம் வந்திருந்தால் நானும் சேர்ந்து போயிருப்பேன்.

ஹாஜியாருக்குப் பதில் இதோ. முதல் பள்ளிவாசலுக்கு டோம் இல்லை, பேரீச்ச மட்டைக் கூரைதான். டோம் பிறகு வந்தது. தூண் நடாமல் பெரிய இடத்தை மூட அந்தக் காலத்தில் அதுதான் வழி. இமாமின் குரலும் அதில் பட்டுப் பரவியது. இன்று கம்பியும் கான்கிரீட்டும் இடத்தை மூடுகின்றன, மைக் குரலைப் பரப்புகிறது. நம் ஊர்ப் பழைய பள்ளிக்குக் கூட டோம் கிடையாதே! நம் ஆட்களுக்கு டோம் ஆசை வந்தது காலண்டர் படத்தைப் பார்த்துத்தான். இப்போது உலகத்தில் எத்தனையோ இடங்களில் டோம் இல்லாமல் கட்டுகிறார்கள். ஒருவர் மூங்கிலில் கட்டுகிறார், ஒருவர் வெறும் செங்கலில். தொழுகிறவன் கிப்லாத் திசையைப் பார்க்கிறான், கூரையைப் பார்ப்பதில்லை.

இதை மட்டும் ஹாஜியாரிடம் மென்மையாகச் சொல்லுங்கள்: அந்த அம்மா பெயரால் ஒளு செய்யும் இடத்தைக் கட்டித் தரட்டும். ஒவ்வொரு தொழுகைக்கும் முன்னால் ஒவ்வொருவரும் அவருக்காகக் கைகால் கழுவியது போல ஆகும்.

நீங்கள் அசையாமல் நில்லுங்கள் அண்ணா. நீங்கள் நின்றால் கட்டடம் நிற்கும்.

வாயாடி


மார்ச் 9

அன்புத் தங்கைக்கு,

வ அலைக்கும் ஸலாம். இங்கே எல்லோரும் நலம். கால் கட்டுப் பிரித்தாயா? பால் குடி.

வேலை நன்றாகப் போகிறது. தரை ஓடு பதித்தாயிற்று. கடையில் வியாபாரமும் பரவாயில்லை. அண்ணிக்கு லேசான சளி, இப்போது தேவலை.

ஒன்று கேட்க வேண்டும். கூரை மேல் தண்ணீர்த் தொட்டி வைப்பதாக இருந்தால், பத்தாயிரம் லிட்டர் என்று வைத்துக்கொள், தாங்குமா? சீக்கிரம் எழுது, கான்ட்ராக்டர் கேட்கிறார்.

வேறு விசேஷம் இல்லை.

உன் அண்ணன்


மார்ச் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அண்ணியின் சளி முழுதாகப் போய்விட்டதா? எனக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். கால் வாடகைக்கு வாங்கியது போல இருக்கிறது.

பத்தாயிரம் லிட்டர்த் தொட்டி தாராளமாகத் தாங்கும். கவலையே வேண்டாம், கான்ட்ராக்டரிடம் சொல்லுங்கள்.

உங்கள் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. டோம் பேச்சு என்ன ஆயிற்று? நான் எழுதியதை ஹாஜியாரிடம் சொன்னீர்களா? அவர் என்ன சொன்னார்? அதைப் பற்றி ஒரு வரி இல்லை. திறப்பு விழா ஏப்ரல் கடைசியில் என்று அண்ணி போனில் சொன்னார்கள். எனக்குப் படங்கள் அனுப்புங்கள், நிறைய.

வாயாடி


மே 4

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? மார்ச்சில் எழுதியதற்கு இன்னும் பதில் இல்லை. போன் செய்தால் "கடையில கூட்டம், அப்புறம் பேசறேன்" என்கிறீர்கள். அந்த அப்புறம் வரவே இல்லை.

படங்கள் வந்தன. வாசல் அழகு. தரை அழகு. ஓட்டைச் செங்கல் சுவரில் வெளிச்சம் நான் நினைத்ததைவிட அழகு. ஆனால் அண்ணா, எல்லாப் படங்களும் வாசல் நிலையோடு நின்றுவிடுகின்றன. ஒன்றில்கூடக் கூரை இல்லை. தெருவிலிருந்து எடுத்த படம் ஒன்றுமே இல்லை. நம் வீட்டுக் கல்யாணங்களில் எல்லோர் தலையையும் வெட்டிப் படம் எடுப்பாரே சின்ன மாமா, அவரா எடுத்தது?

வேடிக்கையாக எழுதிவிட்டேன். எனக்கு வேடிக்கையாக இல்லை. முழுக் கட்டடமும் தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்புங்கள்.

வாயாடி


மே 16

அன்புத் தங்கைக்கு,

வ அலைக்கும் ஸலாம். நீ கைத்தடி இல்லாமல் நடப்பதாக அண்ணி சொன்னாள், அல்ஹம்துலில்லாஹ்.

திறப்பு விழா சிறப்பாக நடந்தது. கூட்டம் தாங்கவில்லை. பெண்கள் பகுதியைப் பற்றித்தான் ஊரே பேசுகிறது. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வராதவர்கள் கூட இப்போது வந்து உட்கார இடம் தேடுகிறார்கள். உன் பெயரைச் சொல்லி துஆ கேட்டார்கள். எக்ஸ்ரேகாரர் மாதிரி இப்போது யாரும் வருவதில்லை.

மேல் பக்கம் படம் எடுத்தால் வெயில் பட்டு வெளுத்துப்போகிறது, அதனால்தான்.

கடைக்கு வந்த ஒருவர் கேட்டார். புதுக் கான்கிரீட்டில் அடிப்பக்கம் மயிரிழை மாதிரிக் கோடு விழுவது சகஜம்தானே? பட்டிப் பசை வைத்துப் பூசிவிட்டால் போதும்தானே? அவரிடம் சொல்ல வேண்டும், அதற்காகக் கேட்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

உன் அண்ணன்


மே 27

அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

கடைக்கு வந்தவர் யார்? அவர் வீட்டில் கோடு எங்கே விழுந்தது, ஓரத்திலா நடுவிலா? பூசிய பிறகு மறுபடி வந்ததா? பூசக் கூடாது என்று சொல்லுங்கள். பூசினால் அது வளர்கிறதா என்று தெரியாது.

எக்ஸ்ரேகாரர் ஏன் இப்போது வருவதில்லை?

உடனே எழுதுங்கள்.


ஜூன் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஸலாம். அண்ணி எழுதுகிறேன். உன் கால் சுகமா? நாங்கள் சுகம் என்று எழுதத்தான் கை வருகிறது, எழுதினால் பொய். போனில் சொல்லலாம், ஆனால் எனக்குக் குரலைத் தாழ்த்திப் பேச வராது, உன் அண்ணன் பக்கத்து அறையில்தான் இருக்கிறார். கடைசியில் நான் போட்ட சட்டத்தில் நானே மாட்டிக்கொண்டேன்.

கூரை மேல் டோம் வைத்தாகிவிட்டது. ஏப்ரலில். நடுவில். செங்கல்லில் வட்டமாகச் சுவர் எழுப்பி, அதன் மேல் சிமெண்டில் வார்த்துக் கொண்டுவந்த துண்டுகளைப் பூட்டினார்கள். ஹாஜியார் கமிட்டிக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டார். "எம் பொண்டாட்டி உசுரோட இருக்கும்போது அவளுக்கு நான் ஒண்ணும் செய்யல" என்றார். அதற்கு மேல் உன் அண்ணனால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. உனக்கு எழுதவும் முடியவில்லை.

அடுத்த கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. சமையலறையிலிருந்து என் காதால் கேட்டேன். இவர் உன் கடிதத்தை எடுத்து "தாராளமாகத் தாங்கும், கவலையே வேண்டாம்" என்று படித்தார். ஹஜ்ரத், "டோமுக்குத்தானே எழுதியிருக்காங்க?" என்றார். இவர், "டோமும் பத்து டன், அவ சொன்னதும் பத்து டன். எடை எடைதானே ஹஜ்ரத்" என்று கடிதத்தை மடித்துவிட்டார். கான்ட்ராக்டரும் எழுத்தில் வந்துவிட்டதே, எனக்கென்ன என்று விட்டார்.

போன மாதம் ஜும்ஆவில் உட்கார்ந்திருந்தபோது தலைக்கு மேல் ஒரு கோடு பார்த்தேன். அடுத்த வாரம் இல்லை. அதற்கடுத்த வாரம் இருந்தது, கொஞ்சம் நீளமாக. பூசின இடம் மற்ற இடத்தைவிட வெள்ளையாக இருக்கும். பெயின்ட் கடைக்காரர் பொண்டாட்டிக்கு அதுகூடத் தெரியாதா? இவர் விடியற்காலைத் தொழுகைக்கு எல்லோருக்கும் முன்னால் போய்க் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாராம். சாப்பாடு இறங்கவில்லை. கேட்டால், "ஒண்ணுமில்ல, எல்லாம் சகஜம்தான்" என்கிறார்.

அந்தக் கோடு பெண்கள் உட்காருகிற இடத்துக்கு நேர் மேலே இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. எழுந்து போகவும் கூச்சமாக இருக்கிறது.

அண்ணி


ஜூன் 12

அண்ணா,

முதலில் கதவைப் பூட்டுங்கள். ஸலாம் கடைசியில்.

இந்தக் கடிதம் கூரியரில் வருகிறது, வெள்ளிக்கிழமைக்கு முன் உங்கள் கையில் இருக்கும். எத்தனை முறை போன் செய்தேன் என்று உங்கள் போனுக்குத் தெரியும். நீங்கள் எடுக்கவில்லை. அண்ணியிடம் பேசிவிட்டேன், அவர்கள் இனி உள்ளே போக மாட்டார்கள். மற்றப் பெண்களுக்கு யார் சொல்வது?

ஹாஜியாருக்கும் போன் செய்தேன். "தாங்கும்னு நீயே எழுதினியேம்மா, உங்க அண்ணன் படிச்சுக் காட்டினாரே. டோம் புடிக்கலன்னா அதச் சொல்லு, எதுக்குப் பயமுறுத்தற?" என்றார். டோம் வேண்டாம் என்று மாதக்கணக்கில் வாதாடியவள் நான். இப்போது கூரை விழும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நீங்கள் சொன்னால்தான் நம்புவார்கள். நீங்கள் மட்டும் சொன்னால்தான்.

தொட்டி கூடத்தின் மேல் இல்லை. ஒளு செய்யும் இடத்தின் மேல், நான்கு தூண்களுக்கு நடுவே. வரைபடத்தில் முதலிலிருந்தே இருக்கிறது. எடை எடைதான் அண்ணா. ஒரு பெயின்ட் டின்னைத் தோளில் வைத்து நாள் முழுக்க நடப்பீர்கள். அதையே கையை நீட்டிப் பிடியுங்கள் பார்ப்போம். கூடத்தின் நடுவில் தூண் இல்லை என்பதற்காகத்தானே அந்தக் கூரையை அவ்வளவு மெல்லிசாக வைத்தேன்.

நீங்கள் தொட்டி என்று கேட்டீர்கள். நான் தொட்டிக்குப் பதில் சொன்னேன்.

என் மேலும் குற்றம் உண்டு. ஏற்கனவே வரைபடத்தில் இருக்கும் தொட்டியைப் பற்றி இவர் ஏன் கேட்கிறார் என்று எனக்கு அன்றே தோன்றியது. கேட்டால் வருகிற பதில் பிடிக்காமல் போய்விடும் என்று கேட்காமல் விட்டேன். கோபமாக இருக்கிறது. உங்கள் மேல், என் மேல், எல்லார் மேலும்.

முட்டுக் கொடுக்க எங்கே எங்கே என்று வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். உள்ளூரில் வேறு ஒரு என்ஜினீயரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், என் வார்த்தை வேண்டாம். அதுவரை ஒரு ஆள் உள்ளே போகக் கூடாது. சாவி உங்களிடம்தான் இருக்கிறது.

அஸ்ஸலாமு அலைக்கும்.


ஜூலை 6

அன்புத் தங்கை வாயாடிக்கு,

வ அலைக்கும் ஸலாம். கடைசியில் வைத்தாலும் ஸலாம் ஸலாம்தான், அதற்குப் பதில் சொல்வது என் கடமை. கதவைப் பூட்டிய செய்தியை அண்ணி அன்றே போனில் சொல்லியிருப்பாள். மற்றதை நானே எழுத வேண்டும் என்று இத்தனை நாள் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை, தொழுகைக்கான பாங்குக்கு முன்னாலேயே பூட்டிவிட்டு வாசற்படியில் நின்றேன். ஆட்கள் வர வர, ஏன் என்று கேட்டார்கள். எல்லோரும் வரட்டும் என்றேன். தெரு நிறைந்தது. பிறகு சொன்னேன். "என் தங்கச்சி தொட்டிக்குத்தான் தாங்கும்னா, டோமுக்கு இல்ல. டோம்னு நான் அவகிட்ட கேக்கவே இல்ல. மேல விரிசல் விட்டிருக்கு. அதுக்குப் பெயின்ட் அடிச்சது நான்தான், என் கடைப் பெயின்ட்." ஒரு மாதமாகத் தொண்டையில் கிடந்ததை ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். பின்னால் நின்ற ஒருவர், "கேக்கல, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றார். மறுபடி முழுவதையும் சொன்னேன். முதல் தடவையைவிட இரண்டாம் தடவைதான் கஷ்டமாக இருந்தது.

எதிரே லாரி நிறுத்தும் மைதானத்தில் தொழுதோம். நெற்றி சுட்டது. பெண்களும் பின்னால் நின்று தொழுதார்கள். தொழும்போது என் காது முழுக்கப் பூட்டிய கட்டடத்தின் மேல்தான் இருந்தது, அல்லாஹ் மன்னிக்கட்டும். ஒன்றும் விழவில்லை.

அன்று மட்டுமில்லை, அடுத்த வாரமும் விழவில்லை. அதுதான் எனக்கு வினையாகப் போயிற்று. "தங்கச்சிக்கு டோம் புடிக்கல, அண்ணனும் சேர்ந்து நாடகம் போடறான்" என்று பேச ஆரம்பித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கடைக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். செயலாளர் பதவியை நானே கொடுத்துவிட்டேன். எனக்கு 'விரிசல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பொருத்தமான பெயர், நான் குறை சொல்ல மாட்டேன். ஹாஜியார் என்னைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார்.

வெளியிலிருந்து ஒரு என்ஜினீயரைக் கமிட்டியே கூட்டி வந்தது. உன் பெயரைச் சொல்லவில்லை. அவர் மேலே ஏறினார், உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார். நீ வரைந்த அதே இடங்களில் முட்டுக் கொடுக்கச் சொன்னார், மேலே இருப்பதை இறக்கச் சொன்னார். அதற்கும் சிலர், அவரை நான் கைக்குள் போட்டுக்கொண்டேன் என்றார்கள்.

துண்டு துண்டாகக் கழற்றி இறக்கினார்கள். வட்டச் சுவரையும் இடித்து இறக்கினார்கள். மறுநாள் ஹஜ்ரத் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். போனேன். கமிட்டிக்காரர்கள் எல்லோரும் பெண்கள் பகுதியில் நின்றுகொண்டிருந்தார்கள். தரைவிரிப்பின் மேல் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு கிடந்தது, யாரோ மாவால் போட்டது போல. அண்ணாந்து பார்த்தேன். பாரம் போனதும் கூரை மேலே எழும்பியிருக்கிறது, விரிசல் கொஞ்சம் மூடிக்கொண்டிருக்கிறது. நான் உள்ளே வைத்து அடைத்த பட்டியும் பெயின்டும் நசுங்கிப் பொலபொலவென்று உதிர்ந்திருக்கிறது. அந்தக் கோட்டின் ஒரு முனை அண்ணி வழக்கமாக உட்காரும் இடம்.

என்ஜினீயர் சொல்லி நம்பாதவர்கள் அந்தத் தூளைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்தார்கள். ஹாஜியார் மட்டும் முட்டிபோட்டு உட்கார்ந்து ஒரு விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார். "எறும்பக்கூட மிதிக்க மாட்டா அவ. அவ பேரால..." என்றார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், நானும் அழுதேன். எனக்கு எதற்காக என்று தெரியவில்லை, எல்லாவற்றுக்குமாக இருக்கும்.

விரிசலுக்கு என்ன வைத்தியம் என்று அந்த என்ஜினீயர் உனக்கு எழுதுவார். அதை முடித்துக்கொண்டுதான் திறப்பார்கள். தூளை நானே பெருக்கினேன். அதில் கொஞ்சம் காகிதத்தில் மடித்து இதோடு வைத்திருக்கிறேன். பிரிக்கும்போது மடியில் கொட்டிக்கொள்ளாதே.

டோம் துண்டுகள் இப்போது வாசலுக்குப் பக்கத்தில் மண்ணில் அடுக்கிக் கிடக்கின்றன. எக்ஸ்ரேயோடு இன்னொருவர் வந்துவிட்டார். ஹாஜியாரே எழுந்து போய் ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லி அனுப்பினார். திரும்பி வந்து, "தங்கச்சிகிட்ட கேளுங்க. அவ என்ன சொல்றாளோ அதுதான். வேணாம்னா வேணாம்" என்றார்.

ஆகையால் கேட்கிறேன். அந்த டோமை எங்கேயாவது வைக்க முடியுமா? தரையிலேயே, தனித் தூண்கள் போட்டு, வாசலிலோ ஒளு செய்யும் இடத்திலோ? முடியாது என்றால் முடியாது என்று எழுது, நான் எல்லார் முன்னாலும் கடைசி வரிவரை படிக்கிறேன்.

தொட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. டோமைப் பற்றித்தான் கேட்கிறேன்.

உன் அண்ணன்